லாரிகள் வராத மதியம்

ஜனவரி 19, திங்கள்

புதுக் கட்டடம் திறந்தாயிற்று. சிமெண்ட் ஆலைத் தலைவரின் மனைவி மஞ்சுளா அம்மா வந்து ரிப்பன் வெட்டினார். கோயம்புத்தூர்க்காரர். பேச்சில் அந்த ஊர் மரியாதை இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பென்சில் டப்பா கொடுத்தார். மூன்று வயசுப் பிள்ளைக்குப் பென்சில் டப்பா எதற்கு என்று ஆயா தையலக்கா என் காதைக் கடித்தார். சும்மா இருங்கக்கா என்றேன்.

இந்த வெண்ணாங்குறிச்சி அங்கன்வாடிக்கு நான் டீச்சராக வந்ததிலிருந்து, மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் எல்லாம். மழை வந்தால் பிள்ளைகளை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு மறு மூலையில் வாளி வைப்போம். ஒரு தடவை சத்துமாவு மூட்டைக்கு அடியில் பாம்பு சட்டையை உரித்துப் போட்டிருந்தது. இப்போது டைல்ஸ் தரை, மின்விசிறி, பிள்ளைகள் உயரத்துக்குக் கைகழுவும் தொட்டி, சுவரெல்லாம் யானையும் மயிலும். எனக்கு அழுகை வந்துவிட்டது. மஞ்சுளா அம்மா என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அதை யாரோ போட்டோ எடுத்தார்கள்.

எல்லாம் ஹேமலதா மேடம் ஏற்பாடு. கம்பெனி ஊருக்குச் செய்கிற உதவிகளைக் கவனிக்கிறவர் அவர். சி.எஸ்.ஆர். மேடம் என்றால்தான் ஊரில் தெரியும். அந்த மூன்று எழுத்துக்கு விரிவு கேட்டால் யாருக்கும் தெரியாது. கம்பெனி கொடுக்கிறது எல்லாமே சி.எஸ்.ஆர். தான். கண் ஆபரேஷன், தையல் மிஷின், இந்த வருடம் வீட்டுக்கு வீடு வந்த டைரி. இப்போது எழுதிக்கொண்டிருப்பதும் அதில்தான்.

கட்டடம் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. கோயில் பக்கத்திலேயே புறம்போக்கு இருந்தது. ரோட்டோரம் என்றால் போகிற வருகிறவர் கண்ணில் படும் என்று கம்பெனியில் சொன்னார்களாம். அதுவும் சரிதான்.

ஜனவரி 22, வியாழன்

காலையில் துடைத்த ஜன்னல் மதியத்துக்குள் வெள்ளையாகிவிடுகிறது. பாய், தம்ளர், மயில், யானை எல்லாவற்றிலும் பொடி. மேற்கே இருக்கிற சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து கிழக்கே ஆலைக்குப் போகிற லாரிகள் எல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகின்றன.

பிள்ளைகள் மதியம் தூங்க மாட்டேன் என்கிறார்கள். இடம் புதுசு. பழகினால் தூங்கிவிடுவார்கள்.

ஜனவரி 28, புதன்

ஊருக்கு என்ன தேவை என்று கேட்க ஹேமலதா மேடம் பெண்களைக் கூட்டியிருந்தார். புது அங்கன்வாடியில்தான் கூட்டம். ஆளுக்கொரு டீயும் பிஸ்கட்டும்.

எங்களிடம் வரும் தன்ஷிகாவின் அம்மா சரண்யா முதலில் எழுந்தாள். "எனக்கு ஒண்ணும் வேணாம் மேடம். இந்த லாரிய ஊருக்குள்ள விடாதீங்க. அது போதும்."

மேடம் எழுதிக்கொண்டார். "சரி. வேற?"

"அதத்தாங்க மேடம் போன வருசமும் சொன்னோம்" என்றாள் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி. "நீங்க தையல் மிஷின் கொண்டாந்தீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. "கேட்டது எல்லாம் ஒரே நாள்ல நடக்குமா? எங்க மாமனாருக்குக் கண்ணு தெரியுதுன்னா அது கம்பெனி கேம்ப்லதான். அதையும் சொல்லணும்ல?" என்றேன்.

"யாரு இல்லேங்கிறா டீச்சர்?" என்றாள் சரண்யா. "எங்க சித்தப்பாவுக்கும் கண்ணு தெரியுது. அதனாலதான் லாரி வர்றத முன்கூட்டியே பாக்குறாரு."

கூட்டம் முடிந்து பிஸ்கட் பொட்டலங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தையலக்கா சொன்னார்: "ஏன் டீச்சர், நம்ம வீட்டுல யாராவது வந்து கால மிதிச்சா, கால எடுங்கன்னுதான சொல்லுவோம்? அவன் கால எடுக்காம நமக்குக் கொலுசு வாங்கிப் போடுறான்."

பேசாமல் பெருக்குங்கக்கா என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

தன்ஷிகாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கடவுளுக்குக் கோடிக் கும்பிடு.

இன்றைக்கு வேறு எதுவும் எழுத முடியவில்லை.

பிப்ரவரி 4, புதன்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு தையலக்கா பின்னால் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நான் அன்றைய போட்டோக்களைப் போன் ஆப்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது, ஏறவில்லை. இதோ இதோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்கேட்டின் தாழ்ப்பாள் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. யாராவது சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம்.

பிரேக் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. வெளியே ஓடினேன். ஒரே புழுதி. லாரி குறுக்கே திரும்பி நிற்கிறது. முன்சக்கரத்துக்கு முன்னால், கை நீட்டினால் டயரைத் தொட்டுவிடும் தூரத்தில், தன்ஷிகா உட்கார்ந்திருக்கிறாள். பாவாடை முழுக்க வெள்ளை. அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "டீச்சர், கோழி" என்றாள். கோழியைத் துரத்திக்கொண்டு போயிருக்கிறாள்.

தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று சரியாக நினைவில்லை. ஊரே கூடிவிட்டது. டிரைவரைக் கீழே இழுத்துவிட்டார்கள். முத்தையன் என்று பெயர், பெரம்பலூர்ப் பக்கம். எங்கள் மாமனார் வயசு இல்லாவிட்டாலும் தலை நரைத்தவர். அடி விழும் நேரத்தில் நான் அவரை உள்ளே தள்ளி வாசலில் நின்றுகொண்டேன். "பிரேக் போட்டது அவருதான்யா! அவரு போடலேன்னா?" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிசு என்று எனக்கே தெரியாது.

உள்ளே அவர் பிள்ளைகளின் பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தால் தம்ளர் பல்லில் மோதுகிறது. "எனக்கும் பேத்தி இருக்குதும்மா. இந்த ரோட்டுல வரணும்னு எங்களுக்கு என்ன ஆசையா? சுரங்கத்துலேருந்து ஆலைக்குக் கம்பெனியோட சொந்தப் பாதை இருக்குது. ஊருக்குள்ளயே வர வேண்டாம். கொஞ்சம் சுத்து, அவ்வளவுதான். கேட்டைப் பூட்டி வச்சிருக்கான்."

"ஏன் பூட்டினாங்க?"

"எங்ககிட்ட யாரும்மா காரணம் சொல்லுறா?"

சரண்யா வந்து பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. லாரிகள் சுரங்கம் வரைக்கும் நின்றன. பொழுது சாய்ந்தபோது கம்பெனி ஆட்கள் வந்து, வேண்டியதைச் செய்கிறோம் என்றார்கள். என் வீட்டுக்காரர் இளவழகன் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. கூட்டத்துக்குப் பின்னால், மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

கம்பெனி செய்துவிட்டது. ரோட்டில் ஒரு வேகத்தடை. மஞ்சள் வண்ணம் அடித்த இரண்டு டிரம். 'குழந்தைகள் நலனில் அக்கறையுடன்' என்று கம்பெனிப் பெயரோடு ஒரு பலகை. வாசலில் கேமரா. தன்ஷிகாவுக்கு அவள் உயரத்துக்கே ஒரு பொம்மை.

வேகத்தடை வந்த பிறகு லாரிகள் மெதுவாகப் போகின்றன. ஆனால் ஏறி இறங்கும்போது கல் குலுங்கி முன்னைவிடச் சத்தம் கூடுதல், தூசும் கூடுதல்.

பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்கள் நாலைந்து பேர்தான். வட்டாரச் சூப்பர்வைசர் மேடம் போன் செய்து, வருகை ஏன் இப்படி விழுந்துவிட்டது, மேலிடத்தில் கேட்டால் நான் என்ன சொல்வது என்று சத்தம் போட்டார். சரி மேடம், சரி மேடம் என்றேன்.

சாயங்காலம் சரண்யா வீட்டுக்குப் போனேன். தன்ஷிகா பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "பொம்ம நல்லாத்தான் இருக்குது டீச்சர்" என்றாள் சரண்யா. "புள்ளைய அனுப்பத்தான் மனசு வரல." பிறகு, "உங்க மேல கோவம் இல்ல" என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஹேமலதா மேடம் தனியாக வந்தார். ஜீப்பைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தே வந்தார். பிள்ளைகளோடு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார். சிறு பெண்தான், என் தங்கை வயசு இருக்கும். திருமணம் ஆகவில்லை. வேகத்தடை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்த நேரம் ஒரு லாரி ஏறி இறங்கியது. பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

"மேடம், அந்தச் சுரங்கப் பாதைய ஏன் பூட்டி வச்சிருக்காங்க?"

கொஞ்ச நேரம் சுண்டலையே கிளறிக்கொண்டிருந்தார். "டீச்சர், நான் சொன்னதா வெளிய தெரிய வேணாம். அந்தப் பாதை ஆபீசர்ஸ் காலனிக்குப் பின்பக்கமாப் போகுது. முன்ன அதுலதான் லாரி போச்சு. தூசு வருது, குழந்தைங்க தூங்க முடியலன்னு காலனிலேருந்து புகார் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஊர் ரோட்டுக்கு மாத்தினாங்க. நான் சேர்றதுக்கு முன்னாடி."

"அப்படிங்களா மேடம்" என்றேன்.

"நான் ஒவ்வொரு அறிக்கையிலயும் எழுதுறேன் டீச்சர். லாரிதான் ஊர்ல முதல் குறைன்னு. மேல போறப்ப அந்த வரி இருக்கறதில்ல. பூங்கா கட்டலாமா, தண்ணித் தொட்டி கட்டலாமான்னுதான் திரும்பி வருது."

அவர் கண் கலங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் சுண்டல் வைத்தேன். அடுப்படியில் தையலக்கா பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றிருந்தது.

எனக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. ராத்திரிக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 12, வியாழன்

வீட்டுக்காரரை மூட்டை அடுக்குகிற இடத்திலிருந்து சூளைக்கு அடியில் கூட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அனல் தாங்காத இடம். மேஸ்திரி காரணம் சொல்லவில்லையாம். "உன் வீட்டம்மா சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டாராம்.

"அந்தப் பாதையப் பத்திக் கேக்காம, நீ வாயத் தொறக்காம இருந்தா என்ன கோதை?" என்றார். "உனக்குக் கட்டடம் குடுத்தான், எனக்கு வேல குடுத்தான், அப்பாவுக்குக் கண்ணக் குடுத்தான். இன்னும் என்னதான் வேணும்ங்கிற?"

"புள்ளைங்க தூங்கணும்ங்க" என்றேன்.

"தூங்கறதா?"

"மதியத்துல. ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கணும்."

அவர் கை இரண்டும் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. கற்றாழை வெட்டிவந்து தடவினேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

முட்டை வந்தது. இரண்டு உடைந்திருந்தது. மாவு மூட்டையை எலி கடித்திருக்கிறது. வந்தது மூன்று பிள்ளைகள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஹேமலதா மேடம் போன் செய்தார். ஆபீசர்ஸ் காலனி மகளிர் சங்கம் எங்கள் அங்கன்வாடியில் 'சேவை தினம்' நடத்த ஆசைப்படுகிறதாம். பலூன், கேக், விளையாட்டுச் சாமான், போட்டோ. அரை மணி நேரம் போதுமாம். மஞ்சுளா அம்மாவும் வருகிறாராம். "இந்த நேரத்துல உங்களுக்குக் கஷ்டம்னா வேணாம்னு சொல்லிடறேன் டீச்சர்" என்றார்.

"தாராளமா வரட்டும் மேடம்" என்றேன். "காலைல எடை பாக்கிற வேலை இருக்குது. மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லுங்க."

மேடம் கொஞ்சம் யோசித்தார். "சாப்பாட்டு நேரத்துக்கு" என்று திருப்பிச் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை.

உண்மையிலேயே எடை பார்க்கிற வேலை இருக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

வீடு வீடாகப் போனேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் எல்லாப் பிள்ளைகளையும் அனுப்புங்கள், கேட்டில் நானே நிற்கிறேன் என்று கெஞ்சினேன். கேட்டுக்கு மேல்பக்கம் வேறு தாழ்ப்பாள் போட்டாயிற்று. சரண்யா மட்டும் ரொம்ப நேரம் யோசித்துத்தான் சரி என்றாள்.

டீக்கடையில் பாலகுரு அண்ணனைப் பார்த்தேன். போன உள்ளாட்சித் தேர்தலில் வார்டுக்கு நின்று தோற்றவர். தோற்றதிலிருந்து ஊர்க் காரியத்துக்கு எல்லாம் முன்னால் நிற்கிறார். காலனிப் பெண்கள் வரும்போது கறுப்புக் கொடி காட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேணாம்ண்ணே. நாளைக்கு மட்டும் யாரும் சத்தம் போடாதீங்க."

"ஏம்மா, கேக்குக்காகவா?"

"இல்லண்ணே. சத்தம் போட்டா அவங்களுக்கு வேற சத்தம் கேக்காது."

டீயை ஆற்றிக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, "போ, போ. நாங்க ரோட்டுப் பக்கமே வரல" என்றார்.

பிப்ரவரி 20, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலனிப் பெண்கள் ஆறேழு பேர் வேனில் வந்தார்கள். பலூன் கட்டினார்கள், கேக் வெட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ரித்விக் மூக்கு முழுக்கக் கிரீம். போட்டோ எடுத்தார்கள். என் கையையும் பிடித்து எடுத்தார்கள். சாப்பாடு ஆனது. கிளம்புகிறோம் என்று எழுந்தார்கள்.

"அம்மா, ஒரு உதவி" என்றேன் மஞ்சுளா அம்மாவிடம். "தையலக்காவுக்கு முதுகு பிடிச்சிருக்குது. இத்தனை பிள்ளைங்களையும் நான் ஒருத்தியே தூங்க வைக்கணும். கொஞ்ச நேரம் ஆளுக்கு ரெண்டு பேரைத் தட்டிக் கொடுத்தீங்கன்னா தூங்கிடுவாங்க."

தையலக்கா உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அதுக்கென்னங்க, தூங்க வச்சுட்டே போறோம்" என்று மஞ்சுளா அம்மா பாயில் உட்கார்ந்தார். தன்ஷிகாவை அவர் பக்கத்தில் படுக்க வைத்தேன். வேறு இடம் இல்லை. மற்றவர்களும் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மஞ்சுளா அம்மா தட்டிக் கொடுத்தார். தன்ஷிகாவின் கண் சொருகியது. முதல் லாரி வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தன்ஷிகா தூக்கிப் போட்டாற்போல் எழுந்து உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்ல கண்ணு, லாரிதான்" என்று மறுபடி படுக்க வைத்தார். கண் மூடியது. அடுத்த லாரி. இன்னொரு மூலையில் ஒரு பிள்ளை வீரிட்டது. அதைப் பார்த்து மற்றொன்று. ஒரு பெண்மணி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். புழுக்கம் தாங்காமல் அவரே திறந்தார். திறந்ததும் அடுத்த லாரியின் புழுதி உள்ளே வந்தது.

அப்போதுதான் மஞ்சுளா அம்மா அதைக் கவனித்தார். லாரி வேகத்தடைக்கு வருவதற்கு முன்பே, தூரத்தில் சத்தம் கேட்டதுமே, பிள்ளைகள் எல்லோரும் படுத்தவாக்கிலேயே சட்டையின் நுனியை, பாவாடை நுனியை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார்கள். பாதித் தூக்கத்தில் இருந்தவர்களும்தான். கண் திறக்கவில்லை, கை மட்டும் தானாகப் போகிறது. லாரி போனதும் ஒவ்வொருவராகத் துணியை இறக்கிவிட்டார்கள்.

"இது யாருங்க சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லிக் கொடுக்கலம்மா" என்றேன்.

நானுமே இன்றைக்குத்தான் அதை உட்கார்ந்து பார்த்தேன். தினமும் நடக்கிறது. எனக்குப் பழகிவிட்டிருக்கிறது.

அவர் கேக் வாசனை வீசுகிற தன் முந்தானையை எடுத்துத் தன்ஷிகாவின் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டார். அடுத்த லாரி, அதற்கடுத்த லாரி. கை கடுத்திருக்கும், ஆனாலும் எடுக்கவில்லை. வேன்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"வெள்ளிக்கிழம கொஞ்சம் கம்மிம்மா" என்றார் தையலக்கா, இடுப்பைப் பிடித்துக்கொள்ள மறந்துபோய். "அந்தச் சொரங்கப் பாதையத் தொறந்துவுட்டா ஒரு லாரி வராது. அது உங்க வூட்டுக்குப் பின்னாடி போகுதாம்ல, தூசு வருதுன்னு பூட்டிட்டாங்களாம்."

தையலக்காவை நான் தடுத்திருக்க வேண்டும். "அக்கா, சும்மா இருங்க" என்று சொல்லவும் செய்தேன். கொஞ்சம் தாமதமாகச் சொன்னேன்.

ஒரு பெண்மணி இன்னொருவரைப் பார்த்தார். மஞ்சுளா அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. இனி என் வேலை, வீட்டுக்காரர் வேலை எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

மஞ்சுளா அம்மா தன்ஷிகாவைத் தட்டிக்கொண்டே, "அந்தப் புகார்ல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "என் பையன் அப்ப கைக்குழந்தை. லாரி வேற எங்கே போகும்னு நான் யோசிக்கவே இல்லைங்க."

கிளம்பும்போது அவர் சேலை முழுக்க வெள்ளை. தட்டிவிடவில்லை. அப்படியே வேனில் ஏறினார்.

பிப்ரவரி 21, சனி

ஹேமலதா மேடம் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

மேடத்தை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேச்சு. வீட்டுக்காரரை மேஸ்திரி கூப்பிட்டனுப்பியிருக்கிறார். என்ன என்று கேட்டால், போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார். அரிசி புடைத்தேன், உளுந்து புடைத்தேன், புடைக்க வேண்டாத கடுகையும் புடைத்தேன்.

பிப்ரவரி 25, புதன்

மேஸ்திரி கூப்பிட்டது தன் தம்பி பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்க முடியுமா என்று கேட்க. பாவி மனுஷன், இதைப் போனில் கேட்டிருக்கக் கூடாதா! அழுகையும் சிரிப்புமாக வந்தது. சேர்த்துக்கொள்கிறேன், நாளைக்கே வரச் சொல்லுங்கள் என்றேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம். ஆலைத் தலைவரே வந்தார். பக்கத்தில் ஹேமலதா மேடம். மாற்றலும் இல்லை ஒன்றும் இல்லை, காய்ச்சலில் படுத்திருந்தாராம். அவரைப் பார்த்ததும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

தலைவர் சுற்றி வளைக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பகலில் எந்த லாரியும் ஊருக்குள் வராது, சுரங்கப் பாதையில் போகும், அங்கே தூசு அடங்கத் தண்ணீர் தெளிப்பார்கள் என்றார்.

யாரும் கை தட்டவில்லை. நம்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். "எழுதிக் குடுங்க" என்றார் பாலகுரு அண்ணன். எழுதிக் கொடுத்தார்கள்.

"ராத்திரில?" என்று கேட்டாள் சரண்யா.

"ராத்திரிக்கு அந்தப் பாதையில விளக்கு போடணும். மழைக்கு முன்னால போட்டுடறோம். அதுக்கப்புறம் முழுசா அங்கதான்."

"அதையும் எழுதுங்க" என்றாள். அதுவும் எழுதப்பட்டது.

வெளியே வந்ததும் ஹேமலதா மேடம் என்னைத் தனியாக அழைத்தார். காலனியில் பெரிய சண்டையாம். மறுபடி தூசு வரும் என்று பலரும் எதிர்த்தார்களாம். மஞ்சுளா அம்மா மட்டும், "பாதைக்குப் பக்கத்துல முதல் வீடு எங்களுதுங்க. எனக்குச் சம்மதம்" என்றாராம். அதற்கு மேல் யாராலும் பேச முடியவில்லையாம்.

"அன்னிக்கு மதியம்தான் வரணும்னு நீங்க சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு டீச்சர்" என்றார்.

"எடை பாக்கிற வேலை இருந்துச்சு மேடம்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

மார்ச் 2, திங்கள்

வரவில்லை. ஒரு லாரிகூட வரவில்லை. காலையிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பஸ் போனது, மாட்டுத் தீவன வேன் போனது, லாரி இல்லை.

பாலகுரு அண்ணன் டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம்: "கம்பெனி இதுவரைக்கும் செஞ்சதுல உருப்படி இதுதான்யா. பாவம், இதுக்குப் போர்டு வைக்கத்தான் இடம் இல்ல."

வீட்டுக்காரர் இன்னும் சூளைக்கு அடியில்தான். மழைக்காலத்தில் அங்கே வேலை செய்வது சுகம் என்கிறார். ஷிப்ட் முடிந்து வழக்கமான வழியில் வராமல் சுரங்கப் பாதை வழியாகச் சைக்கிளில் சுற்றிக்கொண்டு வந்தார். "முத்தையன் கை காட்டினாரு. உன்னயக் கேட்டாரு" என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்து, "எல்லாம் அந்தப் பக்கம்தான் போகுது, நான் பாத்தேன்" என்றார். பார்ப்பதற்காகவே போயிருக்கிறார். இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

இன்று எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மேஸ்திரியின் தம்பி பிள்ளையும் வந்தான். வந்தவுடனேயே ரித்விக்கைக் கடித்துவிட்டான். கீரைச் சாதம், முட்டை. சாப்பிட்டதும் பாய் விரித்தோம். ஜன்னல்களைத் திறந்தே விட்டோம். வேப்பங்காற்று வந்தது. கொஞ்ச நேரம் புரண்டார்கள், ஒருவரையொருவர் காலால் உதைத்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு குரலாக அடங்கிப்போயிற்று. தன்ஷிகா என் கால்மாட்டில் குப்புறப் படுத்து, வாயைத் திறந்து தூங்கினாள். நானும் சும்மா சுவரில் சாய்ந்தேன்.

கண்ணைத் திறந்தால் வாசலில் சூப்பர்வைசர் மேடம் நிற்கிறார். கையில் பை, கக்கத்தில் பைல். தையலக்கா அடுப்படியில் காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளை அழைத்துப் போக வந்த அம்மாக்கள் வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எழுப்ப மனசில்லாமல் காத்திருந்திருக்கிறார்கள். அதில் சரண்யா தூணில் சாய்ந்து அப்படியே உறங்கிப்போயிருக்கிறாள்.

துள்ளி எழப்போனேன். "மேடம், வந்து…"

அவர் உதட்டில் விரல் வைத்தார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். பிள்ளைகளின் கை காலை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுப்பட்டுமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேணாம் டீச்சர்" என்றார். பைலைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "தானா எந்திரிக்கட்டும்."